ஸ்பானிஷில் ‘சரி, ஆனால் இது நடந்தால்தான்’ என்று எப்படிச் சொல்வது?

ஆம்பூர்வாசி:
ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். எங்கள் பையர் ஸ்பெயினில் எல்சே ஊர்க்காரர், அங்கேயும் ஷூ தொழில்தான். அவருக்காகவே எட்டு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறேன். போன வாரம் போனில், வெள்ளிக்கிழமை சாம்பிள் கிளம்புமா என்று கேட்டார். லைனிங் வந்தால் கிளம்பும், அதுதான் நிலைமை, ஆனால் அதைச் சொல்ல வாய் வராமல் வெறும் ‘சீ’, அதாவது ஆமாம், என்று சொல்லிவிட்டேன். லைனிங் வரவில்லை. நான் வாக்குத் தவறிவிட்டதாக நினைக்கிறார், ரொம்ப வருத்தமாக இருக்கிறது. இன்னொன்று, இந்த மாதம் இங்கே வருகிறீர்களா என்று நான் கேட்டதற்கு அவர் ‘என் பிரின்சிப்பியோ, சீ’ என்றார். நான் வேலூரில் ரூம் போட்டு, சென்னை ஏர்போர்ட்டுக்கு வண்டியும் சொல்லி வைத்தேன், அவர் வரவில்லை. இதற்கெல்லாம் என்னதான் அர்த்தம்?

காட்பாடி அக்கா:
தம்பி, முதலில் லைனிங் கதை. ‘சி யேகா எல் ஃபோர்ரோ, சீ’, அதாவது லைனிங் வந்தால், சரி. இவ்வளவுதான் நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது. இதில் முதல் ‘சி’ என்றால் ‘வந்தால்’ என்பதில் வருகிற ‘ஆல்’, கடைசி ‘சீ’ என்றால் ஆமாம். எழுதும்போது ஆமாமுக்கு மட்டும் எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு வரும், பேசும்போது ஆமாமை அழுத்திச் சொல்வார்கள், மற்றது அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடிவிடும். வரப்போகிற லைனிங்தானே என்று அந்த ‘சி’க்குப் பின்னால் எதிர்கால வினை போடாதீர்கள், நிகழ்காலம்தான். நம் ‘வந்தால்’ எந்தக் காலத்தையும் காட்டுவதில்லை இல்லையா, அதனால் நமக்கு இது பழகிவிடும்.

சத்துவாச்சாரி:
அக்கா சொன்னதோடு இன்னொன்று. ‘வந்தால்தான்’ என்று நிபந்தனையை இறுக்கிச் சொல்ல வேண்டுமென்றால் ‘சியெம்ப்ரே கே’ போடுங்கள். ஆனால் அங்கே வினை மாறும்: ‘சீ, சியெம்ப்ரே கே யேகே எல் ஃபோர்ரோ’. யேகா இல்லை, யேகே. நான் இதில் பல தடவை தவறியிருக்கிறேன், ஏனென்றால் யேகா என்று சொன்னாலும் வாக்கியம் சரியாகத்தான் இருக்கும், அர்த்தம் மட்டும் ‘லைனிங் வரும்போதெல்லாம்’ என்று ஆகிவிடும். ஒரே ஒரு உயிரெழுத்து வித்தியாசம்! ‘சி’க்குப் பின்னால் யேகா, ‘சியெம்ப்ரே கே’க்குப் பின்னால் யேகே என்று இரண்டையும் சேர்த்தே சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், நான் பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் பழகினேன்.

காட்பாடி அக்கா:
‘என் பிரின்சிப்பியோ’வை விட்டுவிட்டோமே. கொள்கை அளவில் என்று அகராதி பார்த்து அர்த்தம் எடுக்கக்கூடாது. ஸ்பெயினில் அன்றாடப் பேச்சில் அதற்கு ‘இப்போதைக்குச் சரி, நடுவில் ஏதாவது வந்தால் மாறலாம்’ என்று பொருள். அவர் பொய் சொல்லவில்லை தம்பி, நிபந்தனையை அந்த இரண்டு சொல்லிலேயே சொல்லிவிட்டார், நீங்கள் கடைசியில் வந்த சீயை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை இதைக் கேட்டால் ரூம் போடுவதற்கு முன் ‘தே கே தெபெந்தே?’ என்று கேளுங்கள், எதைப் பொறுத்தது என்று. இது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை. நம் ஊர் ‘பார்க்கலாம்’ மாதிரி அவர்களிடம் ‘யா வெரேமோஸ்’ இருக்கிறது, ஆனால் சாம்பிள் கேட்கும் பையரிடம் அதைச் சொல்லாதீர்கள், தட்டிக் கழிக்கிற மாதிரி இருக்கும்.

ஆம்பூர்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, சார். இப்போதுதான் அவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன், புதன்கிழமைக்குள் லைனிங் வந்தால் சனிக்கிழமை சாம்பிள் கிளம்பும் என்று, ‘சி’ போட்டு. ‘வாலே, கிராசியாஸ்’, அதாவது சரி, நன்றி என்று உடனே பதில் வந்துவிட்டது. லைனிங் வண்டி இன்று ராணிப்பேட்டையிலிருந்து கிளம்புகிறதாம்.