பொருந்தின வேஷம், பொருந்தாத வேஷம்: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

முன்வரிசைப் பாய்:
போன வருஷம் பங்குனியில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு ஸ்பெஷல் நாடகம் பற்றி நான் விளக்க வேண்டாம். நோட்டீஸ் போட்டோவில் ராஜபார்ட்டுக்கு, அதாவது முருகனாக நடிப்பவருக்கு, முப்பது வயது. மேடையில் வந்து நின்றவருக்கு அறுபது இருக்கும். ஒத்திகை கிடையாதே, ஆளாளுக்குத் தனியாகத் தேதி பேசி, அன்று ராத்திரிதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். வள்ளியாக வந்த ஸ்திரீபார்ட்டுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். முருகனைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் கண் ஒரு விநாடி ஆர்மோனியக்காரர் பக்கம் போய்த் திரும்பியது. வேடனாக வந்து தர்க்கம் செய்தபோது, "தாத்தா, மான் அந்தப் பக்கம் ஓடிருச்சு" என்று பின்னாலிருந்து பையன்கள் கத்தினார்கள். எனக்கே கூச்சமாக இருந்தது.

அப்புறம் அதே முருகன் விருத்தனாக, கிழவன் வேஷத்தில் வந்தார். வெள்ளைத் தாடி, கையில் கோல். தேனும் தினைமாவும் தின்று விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டு, வள்ளி கையைப் பிடித்ததும் தாடிக்குள்ளே ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள்! உள்ளே ஒளிந்திருப்பது இளந்தாரி என்று கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. கத்தின பையன்கள்தான் முதலில் விசில் அடித்தார்கள். நிஜமாகவே கிழவர் என்பதால் அந்த வேஷம் பொருந்தியது என்றால், அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது?

ஊறுகாய் ஜாடி:
ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழா. பாரத மாதா நான்தான், வசனம் முழுக்கத் தெரிந்தவளும் நான் ஒருத்திதான். விழா அன்று மதியம் டீச்சர் என் முகத்தில் மூன்று தடவை பவுடர் பூசினார். தள்ளி நின்று பார்த்தார். "கை காட்டிக் கொடுக்குதே" என்றார். என் தலையில் இருந்த கிரீடம் இன்னொருத்தி தலைக்குப் போனது. அவளுக்கு வசனம் தெரியாது. திரைக்குப் பின்னால் நின்று நான் எடுத்துக் கொடுக்க, அவள் சொன்னாள். எனக்கு இப்போது நாற்பத்து மூன்று வயது. வசனம் ஒரு வரி மறக்கவில்லை.

சூளைமேட்டுக் கூத்துப்பிரியன்:
பாய் அண்ணே, அறுபது வயது முருகனுக்கே கூச்சப்பட்டால் எப்படி? அபூர்வ ராகங்கள் (1975) படத்தில் ரஜினிக்கு மனைவி ஸ்ரீவித்யா. 1991-இல் தளபதியில் அதே ஸ்ரீவித்யா அவருக்கு அம்மா. ரஜினி பிறந்தது 1950, அந்த அம்மா பிறந்தது 1953. ரயில் கூவும்போது ஸ்ரீவித்யா முகம் மாறுமே, அப்போது தியேட்டரில் யார் பிறந்த தேதி கேட்டோம்?

என் சொந்த ஊர் செய்யாறு பக்கம். அங்கே கூத்தில் திரௌபதி கட்டுகிறவர் பகலில் செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர். துகில் உரியும் ராத்திரி, கொட்டகைக்குப் பின்னால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பீடி குடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்துக் கூந்தலை விரித்துச் சபதம் போட்டபோது என் அத்தை எழுந்து நின்று, "தாயே" என்று கும்பிட்டாள். அந்த ஆள் அத்தைக்கு முந்நூறு ரூபாய் பாக்கி. ஆறு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தவள்.

ஊறுகாய் ஜாடி:
மீசை மழித்த ஆம்பளை திரௌபதி ஆகலாம், கறுத்த பிள்ளை பாரத மாதா ஆகக் கூடாது, அப்படித்தானே? அந்தத் திரௌபதிக்கே கிருஷ்ணை என்று ஒரு பேர் உண்டு. கறுப்பி என்றுதான் அர்த்தம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
என் அனுபவம் சிறியது. கட்டபொம்மன் நாடகத்துக்கு உயரமான பையனைப் பிடித்துப் போட்டேன். 1959-இல் சிவாஜி நடித்த படம் வந்த பிறகு எல்லோருக்கும் அந்த முகம்தான் கட்டபொம்மன். நம் பையன் ஜாக்சன் துரையைப் பார்த்ததும் "சார்" என்று ஆரம்பித்துவிட்டான்.

ஆகவே ஆசிரியர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வசனத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி ஆள் எடுக்காதீர்கள், வாசிப்பு எல்லோருக்கும் வரும். எதிராளி பேசும்போது இவன் கையை என்ன செய்கிறான் என்று பாருங்கள். சொறிகிறவனை மந்திரியாகக்கூடப் போடக் கூடாது. குட்டைப் பையன் ராஜா என்றால் மற்றவர்களை உட்கார வைத்துவிடுங்கள், சரியாகிவிடும். அட்டைக் கிரீடத்தை ஒத்திகையின் முதல் நாளே கொடுங்கள். கடைசி நாள் கொடுத்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போர் புரிவான். ஒட்டு மீசை வேண்டாம், மை போதும். உரக்கப் பேசுகிறவனுக்குப் பெரிய வேஷம் என்று நினைக்காதீர்கள், அவனைக் காவலாளியாக்கினால் மைக் செலவு மிச்சம். பெற்றோர் சிபாரிசுக்கு வந்தால் மர வேஷம் காலியாக இருக்கிறது என்று சொல்லுங்கள். முகத்துக்குப் பூசினால் கைக்கும் பூச வேண்டும். ஊறுகாய் ஜாடி சகோதரி சொன்ன டீச்சர் தவறியது அங்கேதான்.

ஊறுகாய் ஜாடி:
ஐயா. அங்கே இல்லை.

முன்வரிசைப் பாய்:
பிறந்த தேதி கதையெல்லாம் சரி தம்பி, சினிமாவில் கேமரா இருக்கிறது, எங்கள் ஊரில் பத்தடி தள்ளி டியூப்லைட்டுதான். அதை விடுங்கள். இந்த வருஷ நோட்டீஸ் நேற்று ஒட்டினார்கள். அதே முப்பது வயது போட்டோ. ராஜபார்ட் வேறு ஆள், இவர் பெயருக்குக் கீழே நாரதர் என்று போட்டிருக்கிறது. பாயைச் சாயங்காலமே கொண்டுபோய் விரித்துவிடச் சொல்லியிருக்கிறேன்.