அப்பா 70 – ரகசியக் குழு

மே 21, 2025, புதன்

தேவி: ஞாயிற்றுக்கிழமைக்கு ஹால் உறுதி. டர்பன் சாட்ஸ்வர்த்தில், வளைகாப்பு நடந்த அதே இடம்தான். மதியம் 12 முதல் மாலை 6 வரை. திரைக்கும் புரொஜெக்டருக்கும் தனி வாடகை. அப்பாவுக்குப் பெரிய திரையில் ரேஸ் காட்டலாம் என்று சொன்னது யார்? எந்த ரேஸ் என்று இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்.

பிரேம்: மொனாக்கோ. 3 மணி. முடிந்தது.

குமார்: முடியவில்லை.

சரோ சின்னம்மா: பிரியாணி ஆடா கோழியா

சத்யா: அக்கா, 25ஆம் தேதி சாதாரண ஞாயிறு இல்லை. ஒரே நாளில் மூன்று பெரிய ரேஸ். நம் நேரம் 3 மணிக்கு மொனாக்கோவில் ஃபார்முலா ஒன். மாலை 6.45க்கு அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் 500, அதாவது 500 மைல். நள்ளிரவு 12க்கு சார்லட்டில் நாஸ்கார், 600 மைல். முதல் இரண்டும் சக்கரம் வெளியே தெரிகிற கார்கள். மூன்றாவது ஸ்டாக் கார், அதாவது பார்ப்பதற்கு வீட்டு வாசலில் நிற்கிற கார் மாதிரி, கூரையும் கதவும் மூடிய உடம்பு. இதில் கைல் லார்சன் என்று ஒருவர் அன்றைக்கே இண்டியானாபோலிஸில் ஓட்டிவிட்டு, விமானம் ஏறி சார்லட் போய் அங்கேயும் ஓட்டப் போகிறார். போன வருடமும் முயன்றார், மழை கெடுத்துவிட்டது. இண்டியானாபோலிஸ் தாமதம். அவர் சார்லட் போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் மழை, ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. 2001இல் டோனி ஸ்டூவர்ட் இரண்டிலும் சேர்த்து 1,100 மைலையும் முழுதாக முடித்திருக்கிறார்.

லதா: ஆரம்பித்துவிட்டார்.

லதா: ஆபீஸில் இருக்கிறேன் என்றாரே இவர்

பிரேம்: மாமா, தாத்தாவுக்கு எது புரியும் என்பதுதான் கேள்வி. ஃபார்முலா ஒன் எல்லோருக்கும் தெரியும்.

குமார்: மொனாக்கோவில் என்ன புரியணும்? போன வருடம் முதல் பத்துப் பேரும் கிளம்பிய வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். கோயில் தேர்கூட அதைவிட ஆடும்.

பிரேம்: அதனால்தான் இந்த வருடம் எல்லோரும் இரண்டு தடவை டயர் மாற்றியே ஆகணும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் அப்பா.

குமார்: சட்டம் போட்டால்தான் பார்க்க முடியும் என்றால் அது ரேஸா?

சரோ சின்னம்மா: சம்பந்தி அம்மாவுக்கு சைவம் தனிப் பானை. மறக்காதே தேவி

ரவி சித்தப்பா: நான் ஒன்று சொல்லலாமா. 1993இல் அண்ணனும் நானும் டர்பனிலிருந்து ராத்திரியோடு கிளம்பி, ஜோகன்னஸ்பர்க் பக்கம் கியாலாமியில் ஃபார்முலா ஒன் பார்க்கப் போனோம். ப்ரோஸ்ட், சென்னா, ஷூமாக்கர், மூன்று பேரும் ஆரம்பத்தில் ஒருவரை ஒருவர் விடவே இல்லை. அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. இப்போது நினைத்தாலும் மயிர்க்கூச்செறியும். ஸ்டாக் கார் எல்லாம் வட்டத்தில் சுற்றுவது.

தேவி: பெட்ரோல் காசு கதையை அப்பா இன்னும் சொல்கிறார் சித்தப்பா.

ரவி சித்தப்பா: அதைக் கொடுத்தாகிவிட்டது.

லதா: 🙈

குமார்: சித்தப்பா, நெஞ்சில் கேட்டது சரி. கண்ணில் பட்டது எவ்வளவு நேரம்? ஒரு வளைவில் நின்றோம் என்றால் கார் வரும், போகும், அப்புறம் ஒன்றேகால் நிமிடம் காத்திருக்கணும். 2006இல் நம் ஊர்க் கடற்கரைச் சாலையில் ஏ1 ஜிபி கார் ரேஸ் நடந்தபோது நான் பார்த்தது வேலி, வேலிக்குப் பின்னால் ஒரு கலர். பையன் தோளில் உட்கார்ந்து ‘எங்கே எங்கே’ என்று கேட்டதுதான் ஞாபகம். ஸ்டாக் கார் ஓடும் மண் ஓவலில், அதாவது நீள்வட்டப் பாதையில், பக்கி டிரக்கைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, நாற்காலி போட்டு, பிராய் கரி அடுப்பில் வோர்ஸ் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டே முழு வட்டத்தையும் பார்க்கலாம். யார் யாரை இடித்தான், எதற்கு இடித்தான், போன வாரக் கணக்கா என்பதுகூடத் தெரியும்.

பிரேம்: இடிப்பதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் அப்பா. ஒத்துக்கொள்ளுங்கள்.

குமார்: பாதி.

சத்யா: குமார் அத்தான் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் காரணம் இடிப்பது மட்டும் இல்லை. திறந்த சக்கரக் காரை ரோட்டோடு அழுத்திப் பிடிப்பது காற்று. முன்னால் போகிற கார் அந்தக் காற்றைக் கலக்கிவிட்டால் பின்னால் வருபவனுக்கு வளைவில் பிடி குறைகிறது, நெருங்க முடியாது. அதற்காகத்தான் 2011 முதல் நேர்ப்பாதையில் பின்னால் வருபவன் வேகம் கூட்டப் பின்னிறக்கையைத் திறக்க அனுமதித்தார்கள். சக்கரத்தோடு சக்கரம் உரசினால் கார் பறக்கும், அதனால் தொடவும் பயம். ஸ்டாக் காருக்கு வளைவில் அந்தத் தொல்லை கொஞ்சம் உண்டு. ஆனால் டேட்டோனா மாதிரி நீண்ட ஓவலில் கதை தலைகீழ், இரண்டு கார் ஒட்டிப் போனால் தனியாகப் போவதைவிட வேகம். பம்பரால் தள்ளிவிடவும் செய்யலாம். 2016இல் நாஸ்காரின் டேட்டோனா 500 ரேஸை டென்னி ஹாம்லின் 0.010 நொடியில் ஜெயித்தார். அதுவும் டொயோட்டாவில்.

தேவி: டொயோட்டாவா?

சத்யா: ஆமாம் அக்கா. இதைத்தான் சொல்ல வந்தேன், யாரும் விடவில்லை. ப்ரோஸ்பெக்டன் டொயோட்டா ஆலையில் ஆயுசைக் கழித்த மனுஷன் அப்பா. டொயோட்டா 2002 முதல் 2009 வரை ஃபார்முலா ஒன்னில் ஓடியது, ஒரு வெற்றிகூட இல்லை. ஞாயிறு ஞாயிறாக டிவி முன்னால் உட்கார்ந்து எழுந்து போவாரே, ஞாபகம் இல்லையா? நாஸ்கார் பெரிய தொடரில் 2007இல் நுழைந்தார்கள், அடுத்த வருடமே ஜெயித்தார்கள்.

லதா: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

ரவி சித்தப்பா: அண்ணனுக்கு நாஸ்கார் பிடிக்காது. எனக்குத் தெரியும்.

தேவி: அப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று அறுபதாம் கல்யாணத்துக்கு வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரவி சித்தப்பா: எனக்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை.

தேவி: நேரில் வந்து சொன்னோம் சித்தப்பா. சின்னம்மா சாட்சி.

சரோ சின்னம்மா: என்னை இழுக்காதே

ரவி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரேம்: 1979 டேட்டோனா நடக்கிறது.

லதா: அது என்ன?

பிரேம்: கடைசி லேப்பில் முன்னால் இருந்த இரண்டு பேர் மோதி, காரை விட்டு இறங்கி அடித்துக்கொண்டார்கள். பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். அமெரிக்காவே டிவியில் நேரடியாகப் பார்த்தது. நாஸ்கார் அங்கே பிரபலமானதற்கு அந்தச் சண்டை ஒரு பெரிய காரணம்.

குமார்: பாரு, என் மகனுக்கு நாஸ்கார் தெரிகிறது.

பிரேம்: யூடியூபில் வந்தது.

லதா: நம்ம நாராயண் கார்த்திகேயன் இப்போது எதில் ஓட்டுகிறார்? கோயம்புத்தூர்க்காரர்தானே

சத்யா: அவர் இரண்டிலும் ஓட்டியவர். 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா ஒன், 2010இல் நாஸ்கார் டிரக் தொடர். அந்த வருடம் டிரக் தொடரில் ரசிகர்கள் அதிகம் விரும்பும் ஓட்டுநர் என்று அவருக்குத்தான் விருது.

லதா: தமிழன் என்று ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

சரோ சின்னம்மா: அஜித்தும் ஓட்டுகிறாரே. அவர் படம் போடலாமே ஹாலில்

குமார்: சின்னம்மா, ரேஸா படமா?

சரோ சின்னம்மா: (குரல் பதிவு, 2:14)

தேவி: கேட்டேன். கோழி, ஆடு இரண்டும் வேண்டாம், ஆடு மட்டும் என்கிறார். பிரியாணியில் பருப்பு போடணுமாம். போடாவிட்டால் அது பிரியாணியே இல்லையாம். சரி.

குமார்: என் வீட்டில் பருப்பு போட மாட்டோம்.

தேவி: உங்கள் வீட்டு விசேஷம் இல்லை இது.

சத்யா: என் யோசனை: 3 மணிக்கு மொனாக்கோ ஹாலில் ஓடட்டும், யாரும் உற்றுப் பார்க்கத் தேவையில்லை. படகும் மாளிகையும் தெரியும், பெண்கள் பேசிக்கொண்டிருக்கலாம்.

லதா: பெண்கள்?

சத்யா: எல்லோரும் பேசிக்கொண்டிருக்கலாம். 6.45க்கு இண்டியானாபோலிஸ். திறந்த சக்கரம், ஆனால் ஓவல். 33 கார். ரவி சித்தப்பாவுக்கு வேகம், குமார் அத்தானுக்கு முழு வட்டம். நான் தேர்ந்தெடுத்தால் அதுதான். நாஸ்காரை அப்பாவுக்கு வீட்டில் வைத்துக் காட்டலாம்.

குமார்: நள்ளிரவில் ஆரம்பிக்கும் 600 மைல், 70 வயதில். விடிந்துவிடும்.

தேவி: ஹால் 6 மணிக்கு முடிகிறது என்று முதல் வரியிலேயே எழுதினேன். 6.45 எப்படி?

சத்யா: காவலாளியிடம் பேசினால்?

தேவி: பேசினேன். ஒரு மணி நேரத்துக்குக் கேட்கிற காசில் இன்னொரு பானை வைக்கலாம்.

பிரேம்: டிவி டிகோடர் யார் கொண்டு வருவது? ஹாலில் இல்லை.

குமார்: ரவி சித்தப்பாவிடம் இருக்கிறது.

லதா: …

ரவி சித்தப்பா: கொண்டு வருகிறேன். கூப்பிட்டால்.

தேவி: கூப்பிட்டாகிவிட்டது சித்தப்பா. 12 மணி. சித்தியையும் அழைத்து வாருங்கள்.

பிரேம்: அம்மா, ஒரு பிரச்சினை. சின்னம்மா பாட்டியின் குரல் பதிவு பெரிய குடும்பக் குழுவிலும் வந்திருக்கிறது. தாத்தா அதில் இருக்கிறார்.

தேவி: ஐயோ.

குமார்: இரண்டு நீல டிக்.

சத்யா: என்ன பதில் போட்டிருக்கிறார்?

பிரேம்: ‘பருப்பு போடுங்கள்’ என்று மட்டும்.

சரோ சின்னம்மா: நான் சொல்லலையா

தேவி: சரி, ரேஸ் விஷயத்தை அப்புறம் பார்ப்போம். கேக் யாரிடம் சொல்லியிருக்கிறோம்?

குமார்: சத்யா சொல்வதாகச் சொன்னானே.

லதா: இவர் எனக்குச் சொல்லவே இல்லை.