வகுப்பில் உலக அரசியல் பேசினபோது மறக்க முடியாத ஒரு நிமிஷம்: எழுதுங்க

காட்பாடி மாணவன்:
2025 செப்டம்பர். நம்ம நாட்டுச் சரக்குக்கு அமெரிக்க வரி 50 சதவீதமாகி ரெண்டு வாரம். ரஷ்ய எண்ணெய் வாங்கறதை நிறுத்தவே கூடாதுன்னு வகுப்புல நான்தான் பேசினேன். "கொஞ்ச நாள் கஷ்டப்பட்டாலும் பரவால்ல"ன்னு முடிச்சதும் கைதட்டல். பின்னால இருந்து ஆம்பூர் பொண்ணு எழுந்துச்சு. "எங்கம்மா ஷூ கம்பெனியில ஷூவோட மேல்பாகம் தைக்கிறாங்க. இந்த வாரம் மூணு நாள்தான் வேலை குடுத்தாங்க. கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?" கோபமே இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு. எனக்குச் சொல்லத் தெரியல. இன்னைக்கும் தெரியல.

வாணியம்பாடி:
நீங்க பேசினது தப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். கூடுதல் 25 சதவீதம் ரஷ்ய எண்ணெய்க்காகன்னாங்க. நம்மளவிட அதிகமா வாங்கின சீனாவுக்கு அந்த அபராதம் போடலையே? ஆனா 2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைன் மேல போர் தொடுத்தப்ப என் அண்ணன் அங்க கார்கிவ்ல மெடிக்கல் படிச்சிட்டிருந்தான். மெட்ரோ சுரங்கத்துல இருந்து போன்: "சார்ஜ் 4 சதவீதம்தான் இருக்கு, அம்மாகிட்ட குடு." அம்மா "சாப்டியா"ன்னு கேட்டாங்க, கட்டாயிடுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்ல ரஷ்யா பக்கம் யாரும் பேசறதில்ல.

சத்துவாச்சாரி:
நானும் ஒருமுறை இப்படிப் பேசி வாயடைச்சு நின்னிருக்கேன். தம்பி, ஒண்ணு செய். டிவி விவாதத்தை வச்சு வகுப்புல பேசாதே. வெளியுறவு அமைச்சக அறிக்கையை முழுசாப் படி, எதிர்த்தரப்பு அறிக்கையையும் படி. அப்புறம் ராணிப்பேட்டைக்கோ பேரணாம்பட்டுக்கோ போய் தோல் தொழில்ல இருக்கிறவங்ககிட்ட ஆர்டர் எங்கிருந்து வருது, நின்னா முதல்ல யாருக்கு வேலை போகுதுன்னு கேளு. ஐரோப்பாவுக்கு எவ்வளவு போகுதுன்னும் கேளு. அந்தப் பொண்ணுகிட்ட போய் உக்காந்து பேசு. அதைத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

மேல்மொணவூர்:
சத்துவாச்சாரி அண்ணா, படிச்சா மட்டும் போதாது. 2019 குடியுரிமைச் சட்டத்தை நான் வரிவரியாப் படிச்சிருக்கேன். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கு. இலங்கை இல்ல. எங்க வீடு இங்க மறுவாழ்வு முகாம்ல. நான் பிறந்தது வேலூர்லதான்.

பாலாத்தங்கரை முத்து மண்டபத்துக்கு வகுப்போட போனோம். கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பிடிச்சிட்டு வந்து நம்ம கோட்டையில சிறை வச்சதையும், 1832-ல இங்கயே அவர் இறந்ததையும் நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். அங்க பக்கத்துல நின்ன சிநேகிதி ஆசையாதான் கேட்டா: "உங்க ஊர் ராஜாவாடி?"

நான் ராஜாவோட சமாதியையே பாத்துட்டு நின்னேன். பஸ் வரைக்கும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசல.