கையால் குவில்ட் தைக்க எவ்வளவு நேரம்? மிஷினில் எவ்வளவு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நாலுமூலைத்துணி (டெக்ஸாஸ்):
தமிழ்ச் சங்க விழாவில் ஸ்டால் போட்டிருந்தேன். பை, பர்ஸ், டேபிள் விரிப்பு இவற்றோடு கையால் குவில்ட் செய்த மடிப்போர்வை ஒன்றையும் வைத்திருந்தேன். ஒருவர் வந்தார், நம்ம ஊர்க்காரர்தான், போர்வையைத் திருப்பிப் போட்டுக் கட்டைவிரல் நகத்தால் தையல் வரிசையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரைக்கும் நெருடிக்கொண்டே போனார். துணியில் நகம் ஓடுகிற சத்தம் கர்ரென்று கேட்டது. "மிஷின்ல ஓட்டினா ஒரே நாள் வேலைதானேம்மா, இதுக்குப் போய் இவ்வளவு விலையா?" என்றார். அவர் மனைவி கையைத் தட்டிவிட்டார், அவர் விடவில்லை. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிள்ளைகள் தூங்கிய பிறகு அரைமணி, முக்கால்மணி என்று தைத்ததற்கு யார் கணக்கு வைப்பார்கள்? உங்களுக்கெல்லாம் எவ்வளவு பிடித்தது, சொல்லுங்கள். துண்டுகளைச் சேர்த்து மேல்துணி உண்டாக்குவதைக் கேட்கவில்லை. மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பான பேட்டிங், அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் குவில்ட்டிங் வேலையை மட்டும்தான் கேட்கிறேன்.

மிதிமிஷின்:
ஒஹாயோவில் ஹோம்ஸ் கவுண்டி பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பழைய முறையிலேயே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்களின் குவில்ட் கடைகள். ஒரு கடையின் பின்னறையில் பெரிய மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டிச் சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மேல்துணி சேர்ப்பது கால் மிஷினில், குவில்ட்டிங் மட்டும் கையில், அவர்கள் வழக்கம் அது. இருப்பதிலேயே வயதான அம்மாவிடம் உங்கள் கேள்வியைத்தான் கேட்டேன், எத்தனை மணி நேரம் ஆகும் என்று. அவர் மணிக்கணக்கே சொல்லவில்லை, நூல் கணக்குச் சொன்னார். ஒரு போர்வைக்கு எத்தனை கஜம் நூல் செலவானதோ அதற்குத் தக்கபடிதான் கூலியாம். காலி நூல்கண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தார், அதைத் தூக்கி என் முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடியும் குனிந்து தைக்க ஆரம்பித்துவிட்டார். ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த டப்பா நினைப்புதான். வேகமாகத் தைத்தால் கூலி குறையாது, மெதுவாகத் தைத்தால் கூடாது. அடர்த்தியாகத் தைத்தால் கூடும். நியாயமான கணக்காகத்தான் படுகிறது.

பாபின்ராணி:
முதல் பதிவு போட்டவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மனிதர் பேசியது தப்புதான், ஆனால் மிஷின் என்றால் பட்டனைத் தட்டிவிட்டுக் காபி குடிக்கிற வேலை என்று கையால் தைப்பவர்களும்தான் நினைக்கிறீர்கள். வீட்டு மிஷினில் ஊசிக்கு வலப்பக்கம் இருக்கும் இடம் ஏழெட்டு அங்குலம். அதற்குள் ஒரு க்வீன் சைஸ் போர்வையைப் பாயைப்போல் சுருட்டி நுழைக்க வேண்டும். இடப்பக்கம் தொங்கும் கனம் துணியை இழுக்கும், இழுத்தால் தையல் கோணும், அதனால் அயர்ன் டேபிளை மிஷின் உயரத்துக்கு ஏற்றிப் பக்கத்தில் முட்டுக் கொடுத்துத்தான் நான் தைப்பேன். கடைசியாகத் தைத்தது என் நாத்தனார் மகளுக்கு. நடுவரிசையில் போய்க்கொண்டிருக்கும்போது பாபின் நூல், அதாவது மிஷினுக்குக் கீழே சுற்றி வைக்கும் நூல், தீர்ந்துபோனது, மேலே ஊசி மட்டும் டக்டக்கென்று வெறும் ஓட்டை போட்டுக்கொண்டே போகிறது, எனக்குத் தெரியவே இல்லை. தோள்பட்டை வலியில் யார் கீழே குனிந்து பார்ப்பது?

நீங்கள் கணக்குக் கேட்டதால் கணக்கே போடுகிறேன். 90க்கு 100 அங்குலப் போர்வை, இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் 45 வரிசை, 100 அங்குல நீளம். மறுபக்கம் 50 வரிசை, 90 அங்குலம். ஆகமொத்தம் 9,000 அங்குலம், அதாவது 250 கஜம் தையல். கையில் அங்குலத்துக்கு எட்டுத் தையல் போட்டால் 72,000 தையல். 18 அங்குலம் தைக்க இருபது நிமிடம் என்றால்கூட 165 மணி நேரத்துக்கு மேல் போகும். மேலும் கீழும் துணியை ஒன்றாக நகர்த்தும் வாக்கிங் ஃபுட் போட்டு மிஷினில் ஓட்டினால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்விடும், திங்கட்கிழமை முதுகு நிமிராது. "ஒரே நாள்" எல்லாம் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஹூப்ளிவாசி:
நீங்கள் எல்லாரும் அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாபூர், ஹளியாள் பக்கம் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகப் பெண்கள் பழைய சேலை, பழைய சட்டையில் கவந்த் என்ற ஒட்டுப்போர்வை தைப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? சட்டமும் கிடையாது, கோடு போடுவதும் கிடையாது. அடியில் ஒரு சேலையை விரித்துப் போட்டு ஓரத்திலிருந்து துண்டுகளை வைத்து வைத்து நேராக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். ஒரு வேலையாகப் போன இடத்தில் ஒரு அக்கா தைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்துப்போய் விலை பேசிவிட்டேன். பஸ் வந்து ஹார்ன் அடிக்கிறது. "இருப்பதை அப்படியே கொடுங்க அக்கா" என்றேன். கொடுக்கவில்லை. நான்கு மூலையிலும் ஃபூலா, அதாவது துணியை முக்கோணமாக மடித்து அடுக்கித் தைக்கும் பூ, அது இல்லாமல் கவந்த் வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று மூலை முடிந்திருந்தது. நான்காவதுக்கு மாலைவரை உட்கார்ந்திருந்தேன். நடுவில் அவர் எழுந்து ஆடு கட்டப் போனார், பேரனுக்குச் சோறு போட்டார், அப்புறம் வந்து விட்ட இடத்திலிருந்து தைத்தார். எத்தனை மணி நேரம் என்று நான் கேட்கவே இல்லை, கேட்டால் சிரித்திருப்பார்.

எட்மண்டன்_அம்மு:
கோடு போட்ட கதையைக் கேளுங்கள். குவில்ட் கோடு வரைய, சூடு பட்டால் மறையும் பேனா வைத்திருந்தேன், அயர்ன் பாக்ஸ் வைத்ததும் சுத்தமாகப் போய்விட்டது. ஜனவரியில் பார்சல் அனுப்பினேன், வெளியே மைனஸ் 30. வாங்கியவர் பிரித்தவுடன் போட்டோ அனுப்புகிறார், வெள்ளைத் துணி முழுக்க நீலக்கோடு, நான் எழுதிப் பார்த்த கணக்குகூட ஒரு ஓரத்தில் பளிச்சென்று திரும்பி வந்திருக்கிறது! குளிரில் அந்த மை மறுபடி எழும்புமாம். அவர் ஹேர் டிரையர் வைத்து மறைத்துக்கொண்டார். தையல் எவ்வளவு நேரம் பிடித்தது என்பதே மறந்துவிட்டது, அந்தப் போட்டோதான் மனசில் இருக்கிறது.

ஊசிமுனை:
நான் தைத்தது ஒன்றே ஒன்று, அம்மாவின் சுங்குடிச் சேலைகளை வைத்து, கையால். முடிக்க நாளானது, அவ்வளவுதான். ஆனால் இங்கே புதியவர்கள் படிப்பார்கள், அதனால் சில விஷயம். சாதாரண ஊசி வேண்டாம், 'பிட்வீன்ஸ்' என்று குட்டை ஊசி கிடைக்கும், 9 அல்லது 10ஆம் நம்பர். ஊசியைக் குத்தி எடுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டி நாலைந்து தையலை ஒரே இழுப்பில் எடுக்கப் பழகினால் நேரம் பாதியாகும், அதற்கு நடுவிரலில் திம்பிள் (விரலுறை) கட்டாயம். நூலை 18 அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள், முடிச்சு விழும். கையால் குவில்ட் செய்யும் நூலுக்கு மெழுகுமாதிரிப் பூச்சு இருக்கும், அதை மிஷினில் போட்டால் பூச்சு உதிர்ந்து நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டில் அடைத்துக்கொள்ளும், பாபின்ராணி கவனிக்கவும். பேட்டிங் பாக்கெட்டில் எத்தனை அங்குலத்துக்கு ஒரு வரிசை தைக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதைவிட அகலம் விட்டால் துவைக்கும்போது உள்ளே பஞ்சு கட்டிக்கொள்ளும். சுங்குடி மாதிரிச் சாயத்துணி என்றால் வெட்டுவதற்கு முன்னாலேயே துவைத்துவிடுங்கள், நல்ல சிவப்பைத் தனியாகத் துவையுங்கள், தண்ணீர் தெளியும்வரை. அப்புறம் எட்டுத் தையல், பத்துத் தையல் என்று எண்ணாதீர்கள், ஒரே அளவாக இருந்தால் ஐந்தே அழகு.

பாபின்ராணி:
ஊசிமுனைக்கு: அந்த நூலை நான் மிஷினில் போட்டதாக எங்கே சொன்னேன்? பாபின் தீர்ந்தது என்றேன். ஒரு போர்வை தைத்தவர் இவ்வளவு பாடம் எடுக்கிறீர்கள், சரி, திம்பிள் விஷயம் மட்டும் உண்மை.

நியூஜெர்சி_கமலா:
சண்டைக்கு நடுவே என்னுடையது. வீட்டிலும் முடியாது, கையிலும் முடியாது என்று லாங்ஆர்ம் மிஷின், அதாவது போர்வையைச் சட்டத்தில் மாட்டித் தைக்கும் பெரிய குவில்ட் மிஷின், வைத்திருப்பவரிடம் கொடுத்தேன், சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று ரேட். முதல் தடவை கொண்டுபோனதும் டேப்பை எடுத்து அளந்தார், அடித்துணி நான்கு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும், சட்டத்தில் மாட்ட முடியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டுப் போட்டுக் கொண்டுபோனால் வரிசையில் நிற்கச் சொன்னார். தீபாவளிக்குக் கொடுத்தது பொங்கல் கழித்துத்தான் வந்தது. தைத்ததென்னவோ ஒரு மத்தியானம், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், கம்ப்யூட்டர் வைத்த மிஷின், கொடிவடிவம் தானாகப் போட்டுக்கொண்டே போகிறது. பைண்டிங், அதாவது ஓரத்தைச் சுற்றித் தைக்கும் பட்டி, மட்டும் என் வேலை. அதை முன்பக்கம் மிஷினில் அடித்துவிட்டுப் பின்பக்கம் கையால் மறைதையல் போட வேண்டும். நான்கு ஓரத்தில் இரண்டு ஆகியிருக்கிறது.