வெள்ளவத்தையில் ஒரு மாரா மரம் காயுது: ஆர் வந்து பார்ப்பினம்?

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குற எங்கட ஒழுங்கையில மிஞ்சியிருக்கிற பெரிய நிழல் இந்த ஒரு மாரா மரம்தான் (தூங்குமூஞ்சி எண்டும் சொல்லுவினம்). அடிமரத்தை ரெண்டு பேர் சேர்ந்துதான் கட்டிப்பிடிக்கலாம். போன வருசம் ஒக்டோபரில நடைபாதை திருத்தினவை, அடிமரத்தோட ஒட்டி சீமெந்து போட்டு மூடிவிட்டினம். வேருக்குக் காத்துமில்லை, தண்ணியுமில்லை.

தை மாசியில இலை கொட்டுறது வழமைதானே எண்டு பேசாமல் இருந்தம். மே மழைக்குப் பிறகும் கடல் பக்கத்துக் கொப்புகள் துளிர்க்கேல்லை. இப்ப அடியில கபில நிறத்தில, தட்டு மாதிரிக் கெட்டியான காளான் ரெண்டு முளைச்சிருக்கு. தட்டிப் பார்த்தால் அந்த இடத்தில பொள்ளல் சத்தம் கேக்குது.

செய்து பார்த்தது: சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ரெண்டு கடிதம் குடுத்தம், பதில் இல்லை. நேர போனால் "வெட்டித் தரலாம்" எண்டினம், அது மட்டும் உடனே முடியுமாம்! பக்கத்து வீட்டு அண்ணை சீமெந்தை உடைப்பம் எண்டார். ட்ரில் பட்டு வேர் சேதமாகும் எண்டு நான்தான் மறிச்சன். அதோட வீதி எங்கட காணியுமில்லை. ஒரு பக்கத்து வெடிப்புக்குள்ள பின்னேரங்களில தண்ணி விடுறம், அவ்வளவுதான்.

மரம் விழுமோ எண்ட பயமும் இருக்கு, கீழ பள்ளிக்கூட வான் நிக்கிற இடம்.

வெட்டுறதுக்கு இல்லாமல், அடிமரத்தின்ர உறுதியைச் சோதிச்சு எழுத்தில அறிக்கை தரக்கூடிய மர நிபுணர் ஆரும் கொழும்பில இருக்கினமோ?