பீர்க்கம்பிஞ்சு வெம்பி விழுது, வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. திருச்சியில மொட்டை மாடித் தோட்டம். தை மாசம் விதைச்ச பீர்க்கை இப்ப பந்தல் முழுக்கப் படர்ந்துடுச்சு. பூவுக்குக் குறைவில்ல. ஆனா பெண் பூவுக்குக் கீழ இருக்கிற பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியிலேருந்து மஞ்சளாகி, சுருங்கி விழுந்துடுது. நறுக்கிப் பார்த்தேன், உள்ளே புழு இல்ல. அதனால பழ ஈ வேலையா தெரியல.

பீர்க்கம்பூ விரியறதே சாயங்காலம்தான். அந்த நேரத்துல எங்க மாடிக்கு ஒரு தேனீ வரணுமே! ஆண் பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, பெண் பூவுல நானே தடவி விடுறேன். சிலது நிக்குது, பலது நிக்கல. பை 20 லிட்டர்தான், அது பத்தலையா? இல்ல பங்குனி வெயிலா? தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வெச்சது) தெளிச்சவங்க பலன் இருந்துச்சான்னு சொல்லுங்க. கடையில "டானிக் வாங்குங்க"ங்கிறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

இன்னொண்ணு. தப்பின காயில ஒண்ணு கசந்துச்சு, சமைக்காம வீசிட்டேன். நல்ல காய்களோட தோல் நிறைய இருக்கு. தேங்காய் சேர்க்காம துவையல் அரைக்கிறவங்க, புளிக்கும் உளுந்துக்கும் அளவு சொல்லுங்களேன்.