‘அறுவை’ போய் ‘மொக்கை’ வந்தது எதனால்?

கணக்கு டீச்சர்:
வீட்டில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என் முன்னால் அவர்கள் பேசுவது ஒரு தமிழ், நான் எழுந்து உள்ளே போனதும் பேசுவது வேறு தமிழ். அன்றைக்கு நீளமான தொகையீட்டுக் கணக்கு ஒன்றை ஒரு பையன் நாலே வரியில் முடித்துவிட்டான். நான் “அருமை” என்றேன், தலையை ஆட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்த பெண் “செமடா, வேற லெவல்” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு!

நாங்களும் படிக்கிற காலத்தில் “அறுவை”, “பிளேடு” என்று பேசியவர்கள்தான். அப்புறம் “கடி” வந்தது, பிறகு “மொக்கை”, இப்போது “கிரிஞ்ச்”. ஏறக்குறைய எல்லாம் ஒரே விஷயத்தை, அதாவது ரசிக்க முடியாத, சலிப்பூட்டும் பேச்சைச் சொல்பவை. இருக்கிற சொல் போதாதென்று ஏன் புதிது புதிதாகச் செய்துகொள்கிறார்கள்? சோம்பலா, மரியாதைக் குறைவா, வேறு ஏதாவதா? உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

பழைய அச்சுக்காரன்:
சோம்பல் என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. இருக்கிற சொல்லை எடுத்துப் பேசுவதுதான் சுலபம். புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதை நாலு பேர் வாயில் புழங்கவிடுவதற்குத்தான் சாமர்த்தியம் வேண்டும்.

நன்னூலில் ‘குழூஉக்குறி’ படித்திருப்பீர்கள், ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார் என்று அதற்கு உதாரணம் சொல்வார்கள். நகை செய்யக் கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் காதில் விழுந்தாலும் புரியக் கூடாது. அதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதைப் பிழை என்று ஒதுக்கவில்லை என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தகுதி வழக்கில் ஒன்றாக, இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார்.

பிரான்சில் ‘வெர்லான்’ என்று ஒரு பேச்சு உண்டு. சொல்லின் அசைகளை முன்பின்னாக மாற்றிப் பேசுவது. தலைகீழ் என்று பொருள்படும் ‘லான்வெர்’ என்ற சொல்லைத் திருப்பிப் போட்டதுதான் அந்தப் பெயரே. அரபு வம்சாவளிப் பிள்ளைகள் ‘அராப்’ என்பதைத் திருப்பித் தங்களை ‘பெர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். 1983-இல் சமத்துவம் கேட்டு நாடு நெடுக ஒரு நடைப்பயணம் நடந்தது. பத்திரிகைகள் அதற்குப் ‘பெர்’களின் பயணம் என்றே பெயர் வைத்துவிட்டன. ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு அது அவர்கள் சொல்லாக எப்படி இருக்கும்? அதையும் திருப்பிப் போட்டு ‘ரெபெ’ ஆக்கினார்கள்.

உங்கள் ‘அறுவை’க்கும் இதுதான் நடந்தது என்பேன். அப்பா, அம்மா, டீச்சர் எல்லோரும் சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள் அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடிப் போய்விடுகிறார்கள். ‘எங்கள் ஆள் யார்’ என்று காட்டுவதற்காகப் பிறந்த சொல், எல்லோரும் நுழைந்துவிட்டால் அந்த வேலையைச் செய்யாது.

ராப்பாடி:
ஐயா சொல்வதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். ‘மொக்கை’ யாருக்குப் புரியாது? எங்கள் பாட்டிக்கே புரியும். மறைப்பதற்காக மட்டும் இது வரவில்லை.

என் நண்பன் ஒருவன் நேர்முகத் தேர்வு முடிந்து வெளியே வந்தான். நாங்கள் வாசலில் காத்திருந்தோம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. “பல்பு வாங்கிட்டேன் மச்சி” என்றான். இன்னொருவன் “எத்தனை வாட்ஸ்?” என்று கேட்டான். அவனும் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன கேட்டார்கள், எங்கே நாக்கு குழறியது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். “நான் தோற்றுவிட்டேன்” என்று அவன் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்காது, அவனுக்கும் அதைக் கேட்டுக்கொள்ளப் பிடித்திருக்காது. வலியைச் சொல்லவும் வேண்டும், அதில் அழுந்திப் போகவும் கூடாது. அந்த இடத்துக்கு எழுத்துத் தமிழில் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

விளையாட்டையும் மறந்துவிடாதீர்கள். ‘அறுவை’, ‘பிளேடு’, ‘ரம்பம்’ எல்லாம் கூர்மையானவை. அப்புறம் வந்த ‘மொக்கை’யோ முனை மழுங்கியது! யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனாலும் ரசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

தாழ்வாரம்:
மொழி கெட்டுவிடும் என்ற பயத்துக்கு ஒரு தகவல். ஆங்கிலத்தில் ‘மாப்’ (கும்பல்), ‘பான்ட்டர்’ (கேலிப்பேச்சு) என்ற சொற்கள் பரவுவதைத் தடுக்கப் பாடுபட்டும் முடியவில்லை என்று ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-இல் எழுதினார். இன்று இரண்டும் அங்கே சாதாரணச் சொற்கள். எல்லாச் சொல்லும் இப்படி நிலைப்பதில்லை, பெரும்பாலானவை சத்தமில்லாமல் போய்விடும். ஒருவரின் சாதியையோ உடலையோ இழுத்துக் கேலி செய்யும் சொல்லாக இருந்தால் மட்டும் நான் விடமாட்டேன், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேட்டுவிடுவேன்.

கணக்கு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அந்தப் பெண் சொன்னதற்கு அவன் ஏன் அப்படிச் சிரித்தான் என்று இப்போது புரிகிறது. நான் மதிப்பெண் போட்டேன், அவள் அவனைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டாள். சரி, நானும் ஒரு நாள் “செம” என்று சொல்லிப் பார்க்கலாமா?

ராப்பாடி:
சொல்லுங்கள் அக்கா, சந்தோஷப்படுவார்கள். ‘செம’ எப்போதோ எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ‘கிரிஞ்ச்’சை மட்டும் இப்போதைக்கு அவர்களிடமே விட்டுவிடுங்கள்.